இருபது நிமிடம் அசையாத கால்கள்

பகல் ஒரு மணிக்குச் சுங் குவெய்மெய் தன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, "ம்" என்கிறார். அந்த "ம்"முக்கு நான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். அதற்குப் பிறகு இருபது நிமிடம் அவருடைய இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. மேலே எல்லாம் அசையும். கழுத்தைச் சொடுக்குவார், சிரிப்பார், போகிற வருகிறவர்களிடம் விலைவாசி விசாரிப்பார். வாயில் ஒரு ரப்பர் குழாய், அதன் மறுமுனையில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழல். கெண்டைக்காலில் கரும்புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்ததும் குனிந்து, குழலை அதன்மேல் வைத்து, 'சுப்' என்று ஓர் உறிஞ்சு. புள்ளி குழலுக்குள் போய்விடும். குழாய்க்கு நடுவில் வலை இருக்கிறது, வாய்க்குப் போகாது. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பக்கத்தில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் அதைக் கருங்கொசு என்போம். பேர்தான் கொசு. மிளகைப் பொடித்தால் தெறிக்கிற ஒரு துணுக்கு அளவுதான் இருக்கும். பாடாது, இரவில் வராது. வெயில் ஏறிய பிறகு, நிழலும் ஈரமும் இருக்கிற இடத்தில், முழங்காலுக்குக் கீழே வந்து சத்தமில்லாமல் உட்காரும். கடித்தது தெரியாது. அரை மணி கழித்துத் தெரியும். பிறகு மூன்று நாளைக்கு வேறு எதுவும் தெரியாது.

குவெய்மெய்க்கு வயது ஐம்பத்தெட்டு. மாவட்டப் பூச்சி ஆய்வு நிலையத்தில் முப்பத்தொன்பது வருடமாக வேலை. ஊராட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் எழுத்தராக இருக்கிற நான், போன வருடம் மார்ச்சிலிருந்து அவருக்குக் கடிகாரமும் காற்றுமானியும் பிடிக்கிறேன். என் மேசையில் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

எண்ணுகிற நாளில் அவர் காலுக்குச் சோப்புப் போட மாட்டார். முதல் நாளிலிருந்தே பூண்டு கிடையாது. மதியச் சாப்பாடு எப்போதும் ஒன்றுதான்: ஆறிப்போன சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாதி உப்பு முட்டை. மீதிப் பாதி முட்டை அவர் வீட்டுக்காரருக்கு. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தியென்ஃபு இப்போது வீட்டில் சமைக்கிறார். ரயில் நிலைய வாசலில் யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "எம் பொண்டாட்டிக்கு ஒரு நாளைக்கு நூறு பேரு முத்தம் குடுக்குறாங்கப்பா. நான் போயி நூத்தியோராவது ஆளா வரிசைல நிக்கணும்."

கால்கள் இரண்டிலும் எள்ளைத் தூவினது போலத் தழும்புகள். ஆனாலும் கல்யாணங்களுக்கு முழங்கால் அளவுப் பாவாடை கட்டிக்கொண்டுதான் வருவார். அவர் கொசுவை அடித்து யாரும் பார்த்ததில்லை. பரிதாபம் என்று நினைத்து ஒருமுறை கேட்டேன். "நசுங்கிப் போச்சுன்னா அது எந்த இனம்னு எப்புடிப் பாக்குறது?" என்றார்.

பத்தொன்பது வயதில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவராக அந்த நிலையத்தில் சேர்ந்தார். விவசாயப் பள்ளிப் படிப்பு மட்டும். அப்போது கருங்கொசு எண்ண ஆண்கள்தான் போவார்கள். காலைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் ஆறாவது நிமிடம் ஒருவர் சொறிவார், எட்டாவது நிமிடம் இன்னொருவர் எழுந்து ஆடுவார், கணக்கு பாழாகும். ஒருநாள் ஆள் குறைந்தது என்று பாத்திரம் கழுவுகிற பெண்ணை உட்கார வைத்தார்கள். அவர் அசையவில்லை. "அசையக் கூடாதுன்னு சொன்னாங்க, அசையல. இதுல என்ன இருக்கு?" என்கிறார் இன்றைக்கும். முதல் நான்கு வருடம் வீட்டுக்குப் போய் இரத்தம் வரும்வரை சொறிந்திருக்கிறார். ஐந்தாவது வருடம் அரிப்பு குறைந்தது. பிறகு நின்றே போனது. "உடம்பு சலிச்சுப் போயி, 'இவ கேக்க மாட்டா'ன்னு விட்டுடுச்சு."

காலைக் கொடுத்ததோடு அவர் நிறுத்தவில்லை. எந்த இடத்தில் எத்தனை கடித்தது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் தனக்காக எழுதி வந்தார். சாக்கடையில்தான் பிறக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவருடைய நோட்டில் சாக்கடை ஓரத்தில் கணக்கு குறைவாக இருந்தது. கூடின இடத்திலெல்லாம் ஒன்று பொதுவாக இருந்தது: நிழலில், ஈரமாக, புல் இல்லாத வெறும் தரை. அதன்மேல் பச்சைச் சாயம் பூசினது போல ஒரு பாசி. பழம் நறுக்குகிற கத்தியால் அதை ஒரு நகக்கனம் சுரண்டி, மதிய இடைவேளையில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பாசிக்குள் நூல் துண்டு போல வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. மேலதிகாரியிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "பாத்திரத்தச் சரியாக் கழுவலியா?" என்று கேட்டார். குவெய்மெய் பாத்திரத்தை இன்னொரு முறை கழுவி, இன்னொரு துண்டு பாசியை வைத்துக் காட்டினார். பிறகு ஏழு வருடம் மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கினார்.

இது அவருடைய பழைய கதை. நான் கண்ணால் பார்த்த கதை, போன வருடம் எங்கள் ஷிகெங் பள்ளிக்கூடத்தில் நடந்தது.

ஷிகெங் தொடக்கப் பள்ளியில் ஐம்பத்து மூன்று பிள்ளைகள். ஐம்பதுக்குக் கீழே போனால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அந்தப் பள்ளியில் கருங்கொசு கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கோ இரண்டு வருடமாக மதிய விளையாட்டே கிடையாது. ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். காலெல்லாம் புண். ஏழு பிள்ளைகளின் பெற்றோர் இடம் மாற்றக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் லெகால் அமிஸ் என்கிற பழங்குடி இனத்தவர், பாட்டும் கேலியுமாகத் திரிகிற மனிதர். அந்த மார்ச்சில் ஊராட்சிக் கூட்டத்துக்கு வந்தபோது அவரிடம் ஒரு கேலியும் இல்லை.

எங்கள் தலைவர் பெங் புகை அடிக்கலாம் என்றார். குவெய்மெய் கையைத் தூக்கினார்.

"அடிங்க தலைவரே. மூணு நாளு இருக்காது. நாலாம் நாளு வந்துரும். மண்ணுக்குள்ள இருக்குற புழுவுக்குப் புகை போகாது."

"நீ என்ன செய்யணுங்குற?"

"பாசியச் சொரண்டணும். வெயில் படுற மாதிரி தரையத் தொறக்கணும். முடியாத எடத்துல புல்லு போட்டு மூடணும். பாசி இல்லேன்னா புழுவுக்குச் சாப்பாடு இல்ல."

"எத்தன நாளு?"

"மூணு வாரத்துல முட்டை கொசுவாகுது. பொறந்தது இன்னும் மூணு வாரம் பறக்கும். ஏற்கெனவே பறக்குறது சாகணும்ல. மே மாசம் பூரா வேலை செஞ்சா ஜூன் கடைசில எண்ணிப் பாக்கலாம்."

"அக்கா," என்றார் தலைவர் பெங். அவருக்கு மரியாதை வருகிறபோது காரியம் கெடப்போகிறது என்று அர்த்தம். "புகை அடிச்சா ஜனங்க பாப்பாங்க. நீங்க தரையச் சொரண்டுறத யாரு போட்டோ புடிப்பா?"

கடைசியில் இரண்டும் செய்வது என்று முடிவானது. பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுரண்டல், மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு தெருவில் புகை. அது தலைவர் வீட்டுத் தெரு. இரண்டு இடத்திலும் குவெய்மெய் எண்ணுவார். சுரண்டுவதற்கு முன்னால் பள்ளி முற்றத்தில் எண்ணினோம். இருபது நிமிடத்தில் நூற்று எண்பத்தேழு.

முற்றத்தைப் பெற்றோர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் சுரண்டி முடித்தார்கள். பிரச்சினை முற்றத்தில் இல்லை. பள்ளிச் சுவருக்குப் பின்னால் ஆஷுய் என்கிற விவசாயியின் பாக்குத் தோப்பு இருந்தது. நானூறு மரம், அடர்ந்த நிழல், கீழே ஒரு புல் இல்லை. களைக்கொல்லி அடித்து அடித்து வழுவழுவென்று வைத்திருந்தார். தரை முழுக்கப் பச்சைப் பட்டு விரித்தது போலப் பாசி.

"அண்ணே, தோப்புல கொஞ்சம் புல்லு வளர விடுங்க," என்று குவெய்மெய் கேட்டார்.

"என்னாது?"

"புல்லு."

"ஏம்மா, இந்தத் தோப்புல ஒரு அரிசியப் போட்டுட்டுத் தேடு, கெடைக்கும். அம்புட்டு சுத்தம். புல்லு மொளச்சா ஊர்ல என்ன நெனப்பான்? ஆஷுய் செத்துட்டான்னு பத்தி கொளுத்திக்கிட்டு வந்துருவான்."

"அந்தச் சுத்தமான தரைதாண்ணே அதுக்குச் சாப்பாட்டுத் தட்டு."

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ."

அவர் போகவில்லை. தன் வேலையைத்தான் பார்த்தார். மறுநாள் ஒரு மணிக்குத் தோப்பின் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எண்ணிக்கை இருநூற்றுப் பதினான்கு. ஆஷுயிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த நாள் இருநூற்று முப்பத்தொன்று. ஆஷுய் சற்று தூரத்தில் அரிவாளோடு நின்று, வேலை செய்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்து வந்து போட்டு, தன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரு உக்காந்தா ஆளுக்குப் பாதிதானே கடிக்கும்?"

"இல்லண்ணே. ரெண்டு பேரையும் முழுசாக் கடிக்கும்."

பத்து நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு எழுந்து காலைத் தட்டிக்கொண்டே சொன்னார். குரல் மாறியிருந்தது.

"இங்க பாரும்மா. நான் ஒண்ணும் பகட்டுக்கு இப்புடி வச்சிருக்கல. ஒம்பது வருசத்துக்கு முன்ன இந்த எடத்துல இடுப்பு ஒசரம் புல்லு. எம் பொண்டாட்டி பாக்குப் பொறுக்க வந்தா. கண்ணாடிவிரியன். கால்ல ரெண்டு விரலு போச்சு, ஆளு பொழச்சதே பெருசு. அன்னைக்கு எடுத்தேன் மருந்து டப்பாவ. நான் சாகுற வரைக்கும் இந்தத் தரை தெரியணும். கால வைக்கிற எடம் தெரியணும்."

 நேரம் முடிந்ததும் குவெய்மெய் குழலை மூடி, ஸ்டூலையும் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு யோசித்தபடி ஓட்டினார். "அந்த ஆளு சொல்றது சரிதானே," என்றார் என்னிடம். "நான் கொசுவ மட்டும் எண்ணிட்டேன்."

ஒரு வாரம் கழித்து அட்டைப் பெட்டியில் ஒரு செடியைக் கொண்டுவந்தார். கடலைச் செடிக்கு உறவு, ஆனால் காய்க்காது. தரையோடு ஒட்டிப் படரும், மஞ்சளாகப் பூக்கும். எவ்வளவு விட்டாலும் கணுக்காலைத் தாண்டாது. ஆஷுயின் வீட்டு முன்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே அவருடைய மனைவி யூலியென் பாக்கை நறுக்கிச் சுண்ணாம்பு தடவி வெற்றிலை சுற்றிக்கொண்டிருந்தார். குவெய்மெய் பெட்டியை அவர் முன்னால் வைத்து, ஒரு கொடியை எடுத்துத் தரையில் விரித்துக் காட்டினார்.

"இதுக்குள்ள ஒரு பாம்பு படுத்தா தெரியுமா தெரியாதா, நீங்களே சொல்லுங்கக்கா."

யூலியென் கையிலிருந்த வெற்றிலைத் துணுக்கைக் கொடியின் நடுவே போட்டார். குனிந்து பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"வெத்தலையே தெரியுது. விரியன் தெரியாதா?"

"அதெல்லாம் வேணாம்," என்றார் ஆஷுய் உள்ளேயிருந்து. "நான் சொல்லிட்டேன்ல?"

"பாம்பு கடிச்சது எங் காலயா, உங் காலயா?" என்று யூலியென் திரும்பாமலே கேட்டார். "எனக்கு இல்லாத பயம் உனக்கு எதுக்கு? ஒம்பது வருசமா அந்தத் தோப்புக்குள்ள நாத்தம் புடிச்ச மருந்து. நான் காலே வைக்கல. பாம்புக்குப் பயந்து இல்ல, உன் மருந்துக்குப் பயந்து. போடு பூச்செடிய."

 வீட்டுக்குள்ளிருந்து மண்வெட்டி தேடுகிற சத்தம் கேட்டது.

மே மாதம் முழுவதும் தோப்பில் வேலை நடந்தது. பாசியைச் சுரண்டி மண்ணைப் புரட்டி, முழ இடைவெளியில் கொடியை நட்டார்கள். யூலியென் காலுறைக்கு மேல் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, எட்டே கால்விரல்களோடு, எல்லோருக்கும் முன்னால் நின்று நட்டார். "எட்டுதானே இருக்கு, எண்ணு எண்ணு," என்று அவரே கேலி செய்துகொள்வார். குவெய்மெய் உடனே பூட்ஸைப் பார்த்து எண்ணுகிற மாதிரி செய்துவிட்டு, "எட்டேதான், கொறையல," என்று சொல்ல வேண்டும். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது.

தலைவர் வீட்டுத் தெருவில் மூன்று தடவை புகை அடித்தார்கள். மூன்று தடவையும் படம் பத்திரிகையில் வந்தது. எங்கள் தாளில் வந்த எண்கள் இவை: அடிப்பதற்கு முன் தொண்ணூற்றாறு, அடித்த மறுநாள் பதினொன்று, ஐந்தாம் நாள் எண்பத்தெட்டு.

ஜூன் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை பள்ளியில் பெற்றோர் கூட்டம். கடிதம் கொடுத்தவர்கள் அங்கேயே முடிவு சொல்ல வேண்டும். தலைவர் பெங் உள்ளூர் தொலைக்காட்சியிலிருந்து ஒருவரைக் கேமராவோடு கூட்டிக்கொண்டு பள்ளி முற்றத்துக்கு வந்திருந்தார். லெகால் கைகளைப் பிசைந்துகொண்டு கொடிக்கம்பத்தடியில் நின்றார். குவெய்மெய் ஸ்டூலில் உட்கார்ந்து, என்னைப் பார்த்தார். நான் காற்றுமானியை அவர் முழங்கால் உயரத்தில் பிடித்தேன். கடற்பக்கத்திலிருந்து காற்று மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. வினாடிக்கு மூன்றேகால் மீட்டர். இரண்டுக்கு மேல் போனால் கருங்கொசுவால் பறக்க முடியாது.

"எண்ணலாம்," என்றார் தலைவர்.

"உக்காருறேன். ஆனா..." என்று இழுத்துவிட்டு அவர் "ம்" என்றார்.

இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு வெட்டுக்கிளி வந்து அவர் பாதத்தில் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போனது. நான் கடிகாரத்தை நிறுத்தினேன்.

"பூஜ்யம்!" என்று தலைவர் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "எழுதும்மா யிஃபென்," என்றார் என் பக்கம் திரும்பி.

"எழுதாத," என்றார் குவெய்மெய் என்னிடம். "காத்து மூணேகால். இது செல்லாது."

லெகால் பக்கத்தில் வந்து குந்தினார். "அக்கா. இருபது நிமிசம் உக்காந்தீங்க. ஒண்ணும் வரல. வரலேன்னா பூஜ்யம்தானே? நாம பொய் சொல்லலையே?"

"பொய் இல்ல சார். ஆனா இது கொசுவோட கணக்கு இல்ல. காத்தோட கணக்கு."

"நாளைக்குக் காலைல ஏழு பிள்ளைங்க போகப் போறாங்கக்கா."

"தெரியும் சார்."

"உங்க வேலைக்கே இது நல்லதுதானே," என்றார் தலைவர். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "உங்க பக்கம் பூஜ்யம், எம் பக்கம் எம்பத்தெட்டு. தோத்தது நானு. நானே சொல்றேன், எழுதிக்கோங்கன்னு. அப்புறம் என்ன?"

குவெய்மெய் சுருட்டின கால்சட்டையை இறக்கிவிட்டார். தாளை என்னிடமிருந்து வாங்கி, காற்று என்ற கட்டத்தில் 3.25 என்று எழுதினார். எண்ணிக்கை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். கேமராக்காரர் எதையும் எடுக்காமல் போனார். தலைவர் வண்டிக் கதவைச் சாத்திய சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது.

அன்றைக்கு அவர் சாதாரணமாக இல்லை. ரயில் கேட்டில் நின்றபோது, ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் கேட்டார்: "எழுதியிருக்கலாமோ?"

ரயில் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"எழுதியிருந்தா இன்னைக்குச் சோறு எறங்கும். அடுத்த வாரம் எவனாவது ஒரு அப்பன் பிள்ளை காலக் கொண்டாந்து காட்டி, 'பூஜ்யம்னியே'ம்பான். அதுக்கப்புறம் நான் எந்த நம்பரச் சொன்னாலும் அவனுக்கு அது நம்பரா தெரியாது." ரயில் போனது. கேட் திறந்த பிறகும் அவர் வண்டியைக் கிளப்பவில்லை. பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் ஒலி எழுப்பினார். "ஆனா அந்த ஏழு பிள்ளைங்க போயிட்டா எனக்கு ஆறாது," என்று சொல்லிவிட்டுத்தான் கிளப்பினார்.

மறுநாள் கூட்டத்துக்கு அழைக்காமலே வந்தார். பெற்றோர்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று அடங்கியிருந்தது. கம்பத்துக் கொடி துணியாகத் தொங்கியது. லெகால் பேசச் சொன்னதும் எழுந்து, இரண்டே வாக்கியம் பேசினார்.

"நேத்து எண்ணுனது செல்லாது, காத்து ஜாஸ்தி. இன்னைக்கு ஒரு மணிக்கு எண்ணுவேன், எவ்வளவு வருதோ அவ்வளவு சொல்லுவேன், இருக்க முடிஞ்சவங்க இருந்து பாருங்க."

பலர் எழுந்து போனார்கள். பதினான்கு பேர் இருந்தார்கள். பள்ளிச் சமையலறையில் சேமியாவும் முட்டைக்கோஸும் வதக்கிக் கொடுத்தார்கள். ஒரு மணி அடித்ததும் குவெய்மெய் முற்றத்தின் ஓரம், தோப்புச் சுவரை ஒட்டி ஸ்டூலைப் போட்டார். காற்று அரை மீட்டர். இதைவிட நல்ல நாள் கருங்கொசுவுக்குக் கிடைக்காது.

கூட்டத்தில் டோங்கி என்று ஒரு பெண். இரட்டைப் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் மாற்றல் கடிதம் கொடுத்திருந்தவர். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து குவெய்மெய்க்குப் பக்கத்தில் போட்டு, தன் கால்சட்டையைச் சுருட்டினார். "உங்க காலு மரத்துப் போன காலு. எங் காலச் சொல்லச் சொல்லுங்க," என்றார். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர். யூலியென் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். ஏழு பெண்கள், பதினான்கு கால்கள்.  'சுப்' என்ற சத்தம் வரும்போதெல்லாம் பின்னால் நின்றவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

நேரம் முடிந்தது. குவெய்மெய் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இரண்டு முறை எண்ணினார்.

"ஒம்பது."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். அது எந்த மாதிரிப் பெருமூச்சு என்று தெரியவில்லை.

"அப்ப இன்னும் இருக்கு," என்றார் டோங்கி.

"இருக்கு. தோப்புல வடக்கு மூலைல இன்னும் கொடி மூடல. மார்ச்சுல இந்த எடத்துல நூத்தி எம்பத்தேழு. இன்னைக்கு ஒம்பது. பூஜ்யமாகும்னு நான் சொல்ல மாட்டேன். ஆகாது."

டோங்கி தன் கால்களை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எனக்கு மூணு," என்றார். "எங்க வீட்டு வாசல்ல துணி காயப் போட்டா முப்பது." கால்சட்டையை இறக்கிவிட்டு லெகாலைப் பார்த்தார். "சார், அந்தக் கடிதத்தத் திருப்பித் தாங்க. நேத்து பூஜ்யம்னு டிவில வரும்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. வந்திருந்தா சத்தியமா நம்பியிருக்க மாட்டேன், இன்னைக்கு வந்திருக்கவும் மாட்டேன்."

ஏழு பிள்ளைகளில் இரண்டு பேர் போனார்கள். ஐம்பத்தொரு பேர் இருக்கிறார்கள். செப்டம்பரில் மதிய மணி அடித்ததும் கதவுகள் திறந்தன. முதல் நாள் பிள்ளைகளுக்கு வெளியே போய் என்ன செய்வது என்றே தெரியவில்லை. சும்மா சுவரைத் தொட்டுத் தொட்டு ஓடினார்கள். அக்டோபரில் தலைவரின் மனைவி ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "அந்த மஞ்சப் பூக்கொடி நாலு தண்டு கெடைக்குமா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்," என்று கேட்டார். கொடுத்தேன். தலைவருக்குத் தெரியும். அவரே வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

நவம்பரில் அறிக்கை அச்சுக்குப் போனது. ஆய்வு நிலையமும் எங்கள் ஊராட்சியும் சேர்ந்து போடுகிற சிறு புத்தகம். மெய்ப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு நான் நிலையத்துக்குப் போனேன். குவெய்மெய்யின் அறை கிழக்குப் பார்த்தது. அவருடைய இடது கை முழங்கை வரை ஒரு வலைக்கூண்டுக்குள் இருந்தது. நிலையத்தில் வளர்க்கிற கருங்கொசுக்களுக்கு வாரம் இருமுறை அந்தக் கைதான் உணவு. வலது கையால் பக்கங்களைப் புரட்டினார். எண்களை ஒவ்வொன்றாகத் தன் நோட்டோடு ஒப்பிட்டார். ஓரிடத்தில் எண்பத்தெட்டு, எண்பதாகியிருந்தது, திருத்தினார். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக முதல் பக்கத்துக்கு வந்தார். அறிக்கையை எழுதியவர்கள் பட்டியலில் நிலையத்தின் இயக்குநர் முனைவர் ஹோவின் பெயர் மேலே இருந்தது. நல்ல மனிதர். ஷிகெங்குக்கு ஒரு முறை வந்திருக்கிறார். அதற்குக் கீழே இரண்டு பேராசிரியர்கள். கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே, சின்ன எழுத்தில்: 'களப்பணி உதவி: சுங் குவெய்மெய்.' இந்த முப்பத்தொன்பது வருடத்தில் வந்த பதினேழு அறிக்கைகளிலும் அந்த வரி அப்படித்தான் இருந்திருக்கிறது. அலமாரியில் அவை எல்லாம் இருந்தன, நான் பின்னால் எடுத்துப் பார்த்தேன்.

அவர் அந்தப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

"யிஃபென், இந்தத் தாள் நகருது. கொஞ்சம் புடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன். பேனாவை எடுத்து, 'களப்பணி உதவி' என்ற இரண்டு சொற்களின் மேல் நேராக ஒரே ஒரு கோடு இழுத்தார். அடியில் இருக்கிற எழுத்து படிக்கக் கிடைக்கிற மாதிரி, அழிக்காமல். தவறான பதிவை அந்த நிலையத்தில் அப்படித்தான் அடிப்பார்கள். தன் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி, கோட்டைத் தாண்டி, இரண்டு பேராசிரியர்களைத் தாண்டி, முனைவர் ஹோவையும் தாண்டி, பட்டியலின் உச்சியில் போய் நின்றது. ஓரத்தில் அன்றைய தேதியைப் போட்டு, கையெழுத்திட்டார்.

பிறகு கூண்டிலிருந்து இடது கையை மெதுவாக உருவி, அதில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிக் கொசுவை ஊதி உள்ளே அனுப்பி, வலையின் வாயை முடிச்சுப் போட்டார்.